வாயில் வராத பேர்

கனிஷை: ...அதெல்லாம் வேண்டாம் அக்கா. நீங்க கேனை மட்டும் பிடிங்க, வாய்க்கால் பனியை நான் உடைக்கிறேன்.

பூருல்: ஓட்டுலதான் தோத்தேன். கை ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. அந்தக் கெட்டியை இப்படிக் கொடு.

கனிஷை: கடப்பாரைன்னே சொல்லலாமே. கடப்பாரைக்குமா தடை?

பூருல்: பழகிப் போச்சு. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அதுல செஞ்சது எல்லாமே எனக்குக் கெட்டிதான். தள்ளி நில்லு, தெறிக்கும்.

கனிஷை: மெதுவா... நேத்து உங்க வாசல்ல ஒரே கூட்டமாமே.

பூருல்: துக்கம் விசாரிக்க வந்தாங்க. டீ போடுற சமோவார் ஆறவே இல்ல. வர்றவங்க எல்லாருக்கும் ஒரே பேச்சு. "உனக்குத்தான் போட்டேன் பூருல்." அத்தனை பேரும் போட்டிருந்தா இந்நேரம் நான் ஊர்ச் சபைக்கா போயிருப்பேன்? நேரா பிஷ்கேக்குல போய் மந்திரியா உட்கார்ந்திருப்பேன்.

கனிஷை: ஒரே ஒரு ஓட்டு அக்கா. நினைச்சாலே வயிறு எரியுது.

பூருல்: எரியட்டும், குளிருக்கு நல்லது. கேன் வாயைக் காட்டு... அடியில மொள்ளாத, மண்ணு வருது.

கனிஷை: மண்ணு வந்தா பரவாயில்ல. அது கண்ணுக்காவது தெரியுது.

பூருல்: உன் பொண்ணு ஆய்பெரி எப்படி இருக்கா?

கனிஷை: கண்ணு இன்னும் மஞ்சளாத்தான் இருக்கு. நேத்து ரெண்டு வாய் கஞ்சி குடிச்சா, அதையும் எடுத்துட்டா. டாக்டர், "வாய்க்கால் தண்ணியைக் கொடுக்காதீங்க"ங்குறார். வேற எந்தத் தண்ணியைக் கொடுக்குறதுன்னு கேட்டேன். தலை நிமிராம எழுதிக்கிட்டே இருந்தார்.

பூருல்: காய்ச்சித்தானே கொடுத்த?

கனிஷை: வீட்டுல காய்ச்சித்தான் கொடுக்குறேன். விளையாடப் போன இடத்துல பொண்ணு குனிஞ்சு குடிச்சா நான் என்ன பண்ண?

பூருல்: ஒண்ணும் பண்ண முடியாது. நான் இந்த ஊருக்கு நர்ஸா வந்த முதல் வருஷமே மஞ்சக்காமாலை. வேலையிலிருந்து நின்ன வருஷமும் மஞ்சக்காமாலை. இலை உதிர ஆரம்பிச்சா பிள்ளைங்க கண்ணுல அந்த நிறம் வந்துடும். ஊசி போட்டுப் போட்டு அலுத்துப்போய்த்தான் தேர்தல்ல நின்னேன்.

கனிஷை: குழி வெட்டினப்போ நான் நிஜமாவே நம்பினேன் அக்கா. நம்ம வாசல் வரைக்கும் வெட்டினாங்களே. குழாய் வரும்னு அடுப்படியில ஒரு மூலையைக்கூட ஒழிச்சு வச்சேன்.

பூருல்: வந்துச்சே. மேல ரோட்டோரம் நாலஞ்சு குழாய் வந்துச்சு. பெரிய ஆளுங்க வந்தாங்க, ரிப்பன் வெட்டினாங்க, போட்டோ எடுத்தாங்க, கறி சாப்பிட்டாங்க. மறுநாள் குழியை மூடியாச்சு. உள்ள காத்துதான் ஓடிக்கிட்டு இருக்கு.

கனிஷை: மிச்சக் குழாய் எல்லாம் இப்ப மறுபடியும் ஜெயிச்சவரோட ஆட்டுக்கொட்டகைக்குத் தூணா நிக்குது. ஊருக்கே தெரியும்.

பூருல்: ஊருக்குத் தெரியும். நான் பள்ளிக்கூடத்துக் கூட்டத்துல பேசினதுதான் ஊருக்குப் புரியல. சிரிப்பு வந்தா சிரிச்சுடு. அடக்கிக்கிட்டு நிக்காத.

கனிஷை: சிரிக்கக் கூடாதுதான்... ஆனா அந்தக் கிழவர் பின்னாடியிலிருந்து எழுந்து, "குழாயைத் தின்னது யாரும்மா, பேரைச் சொல்லு"ன்னார் பாருங்க. உங்க முகத்தைப் பார்க்கணுமே.

பூருல்: எப்படிடீ சொல்றது? நம்ம வீட்டுக்காரங்களுக்குப் பெரியப்பா மகன். நம்ம ரெண்டு பேருக்கும் மூத்தார். முகத்திரை போட்டு உள்ள கூட்டிட்டு வந்த அன்னிக்கே அத்தை என்ன சொன்னாங்க? புருஷனுக்கு மூத்தவங்க பேரு மருமக வாயில வரவே கூடாதுன்னாங்க. அதுலயும் இவர் பேருக்கு அர்த்தமே பட்டறையில போட்டு அடிக்கிற அந்தச் சாமான். அதனால அந்தச் சாமானையும் சொல்லக் கூடாது.

கனிஷை: அதுக்குன்னு, "பெரிய கேட்டுக்காரர் நம்ம கெட்டிக் குழாயை எடுத்துக்கிட்டார்"ன்னா யாருக்குப் புரியும்? பள்ளிக்கூடமே இடிஞ்சு விழுற மாதிரி சிரிச்சாங்க.

பூருல்: பெரிய கேட்டு ஊர்ல ஒண்ணுதான்னு நினைச்சுட்டேன்.

கனிஷை: கடைக்கார இசாக் அந்த வாரம்தான் புதுக் கேட்டு போட்டுப் பச்சைப் பெயின்ட் அடிச்சிருந்தார்.

பூருல்: பாவம் மனுஷன். என் வீட்டு வாசல்ல வந்து நின்னு, "நான் எந்தக் குழாயைத் தொட்டேன்"னு கேட்டார். உங்களைச் சொல்லலன்னேன். "அப்ப யாரை?"ன்னார். அப்பவும் எனக்கு வாய் வரல. கோவிச்சுக்கிட்டுக் குடும்பத்தோட போய் அந்தப் பக்கம் போட்டுட்டு வந்துட்டார்.

கனிஷை: நானாவது எழுந்து சொல்லியிருக்கணும்.

பூருல்: நீயும் அதே வீட்டு மருமகதானே. உன் வாய்க்கும் அதே பூட்டுதான்.

கனிஷை: இருந்தாலும்... பக்கத்து வீட்டு மெய்ராம்கிட்ட ஓட்டுக்கு வான்னு சொன்னதுக்கு என்ன சொன்னா தெரியுமா? "யார் வந்தாலும் திங்கத்தான் போறாங்க. இவருக்காவது பாதி வயிறு நிறைஞ்சிருக்கு, புதுசா வர்றவங்க முதல்லேர்ந்து ஆரம்பிப்பாங்க"ங்குறா. சொல்லிட்டுப் புருஷனோட ஆட்டுச் சந்தைக்குப் போயிட்டா.

பூருல்: ஞாயித்துக்கிழமை தேர்தலை வச்சா சந்தைக்குத்தான் போவாங்க. ஆட்டை வித்தா கையில ஏதோ நிக்கும். ஓட்டைப் போட்டா என்ன நிக்குது?

கனிஷை: நீங்களே இப்படிச் சொல்றீங்களே.

பூருல்: நேத்திலிருந்து இப்படித்தான் வாயில வருது. விடு. அது என்ன துணியில முடிச்சு?

கனிஷை: போர்சோக். உங்களுக்குத்தான். ஒழுங்கா சாப்பிட்டிருக்க மாட்டீங்கன்னு...

பூருல்: கொடு. ம்... கல்லு மாதிரி இருக்கே. எப்பப் பொரிச்ச?

கனிஷை: ஞாயித்துக்கிழமை.

பூருல்: ஓட்டு போடுற அன்னிக்கா?

கனிஷை: நீங்க ஜெயிச்சதும் வாசல்ல வச்சு எல்லாருக்கும் கொடுக்கலாம்னு... நிறையப் பொரிச்சுட்டேன்.

பூருல்: பைத்தியக்காரி. சரி, டீயில நனைச்சுச் சாப்பிட்டுக்கிறேன்... ஏன்டி, அன்னிக்குச் சாவடியில கூட்டம் இருந்துச்சா, நீ போனப்போ?

கனிஷை: அவ்வளவா இல்ல.

பூருல்: எனக்கு அந்த நீலத் திரை ரொம்பப் பிடிச்சுது. போன தடவை ஏதோ கிழிசலைத் தொங்க விட்டிருந்தாங்க.

கனிஷை: ஆமா, நல்ல நீலம். என்னக்கா அப்படிப் பார்க்குறீங்க?

பூருல்: இந்தத் தடவை திரையே இல்லடி. அட்டையை மடிச்சு மேசை மேல நிக்க வச்சிருந்தாங்க. நேத்து துக்கம் விசாரிக்க வந்த எல்லார்கிட்டயும் இதைத்தான் கேட்டேன். எத்தனை பேர் "நல்ல நீலம்"னாங்க தெரியுமா? உன்கிட்ட மட்டும் கேட்கக் கூடாதுன்னு இருந்தேன். வாய் சும்மா இருக்கல.

கனிஷை: அக்கா... நான் சொல்லிடறேன்.

பூருல்: கேனைக் கீழ வை முதல்ல. கொட்டிடுவ.

கனிஷை: அவர் ஆளுங்க மாவு மூட்டை கொண்டுவந்து இறக்கினாங்க. வீட்டுக்கு வீடு. நான் வேண்டாம்னுதான் சொன்னேன். உங்க கொழுந்தன், "ஆஸ்பத்திரிக்கு அலையுறோம், வீட்டுல மாவு இருக்கா"ன்னார். இல்ல. அதுதான் உண்மை. அப்புறம் அவங்க ஒரு ரொட்டியை எடுத்து விரிப்பு நடுவுல வச்சு, அவருக்கே போடுறோம்னு சத்தியமா கை வைங்கன்னாங்க. இவர் வச்சார். என் கையையும் பிடிச்சு வச்சார்.

பூருல்: ரொட்டி மேலயா?

கனிஷை: ரொட்டி மேல. கைக்குள்ள இன்னும் சூடு இருக்குற மாதிரியே இருக்கு. காலையில எழுந்தேன், சால்வையைப் போட்டேன், வாசல் வரைக்கும் வந்தேன். உங்களுக்குப் போட்டா ரொட்டிக்குத் துரோகம். அவருக்குப் போட்டா உங்களுக்கும் என் பொண்ணுக்கும் துரோகம். போகவே இல்லன்னா யாருக்கும் துரோகம் இல்லன்னு தோணுச்சு. திரும்பி வந்து சட்டியை வச்சேன். எப்படியும் நீங்க ஜெயிச்சுடுவீங்கன்னு நினைச்சுக்கிட்டே பொரிச்சேன்.

பூருல்: அந்த மாவுலயா?

கனிஷை: வேற மாவு இல்லையே அக்கா.

பூருல்: அதான் இவ்வளவு வெள்ளையா இருக்கு.

கனிஷை: திட்டுங்க. அப்படிப் பார்க்காதீங்க, ரெண்டு வார்த்தை திட்டிடுங்க. ஒரே ஒரு ஓட்டு... அது நான்தான். என் பொண்ணு மஞ்சளாப் படுத்திருக்கா, அவளுக்கு அம்மாவா இருந்துக்கிட்டு நான் போர்சோக் பொரிச்சேன். இன்னும் நாலு வருஷம் இந்தப் பனியை உடைச்சு இந்தத் தண்ணியைத்தான் மொள்ளணும். எல்லாம் என்னாலதான்.

பூருல்: உன்னால இல்ல.

கனிஷை: ஆறுதல் சொல்லாதீங்க.

பூருல்: ஆறுதல் இல்லடி, கணக்கு. நீ வந்து எனக்குப் போட்டிருந்தா ரெண்டு பேரும் சமம். அவ்வளவுதான். ஜெயிச்சிருக்க மாட்டேன். ஜெயிக்கணும்னா அந்தப் பக்கம் விழுந்த ஒண்ணு இந்தப் பக்கம் வந்திருக்கணும்.

கனிஷை: இசாக் கடைக்காரர் வீட்டு ஓட்டா?

பூருல்: அவரை விடு. அவர் கோவத்துல போட்டார், அதுல நியாயம் இருக்கு. நான் சொல்றது வேற ஒண்ணு. கோவமும் இல்லாம, மாவும் வாங்காம போட்டது.

கனிஷை: யாரு அது?

பூருல்: ...அந்த அட்டைக்குப் பின்னாடி தனியா நின்னேன் கனிஷை. சீட்டுல மேல அவர் பேரு, கீழ என் பேரு. தன் பேருக்குத் தானே டிக் போட்டுக்கிறதான்னு ஒரே வெக்கம். மூத்தாரைத் தாண்டிக் கை கீழ வரணும், அது வேற. அத்தை பின்னால நின்னு பார்க்குற மாதிரி கழுத்தெல்லாம் கூசுச்சு. என் ஒண்ணு இல்லாட்டி என்ன, ஊர் போடும்னு நினைச்சேன்.

கனிஷை: அதனால... சீட்டை வெறுமனே மடிச்சுப் போட்டுட்டீங்களா?

பூருல்: வெறுமனே போட்டிருந்தாத்தான் உன்னைத் திட்டியிருப்பேனே.

கனிஷை: அக்கா.

பூருல்: கேனை எடு, உறைஞ்சிடும்.

கனிஷை: உறையட்டும். யாருக்குப் போட்டீங்க? பேரைச் சொல்லுங்க.

பூருல்: தெமிராலிக்கு. அன்னிக்கு அத்தனை பேர் கேட்டும் வாயில வராத பேரு, சாவடியில கைக்கு வந்துடுச்சு.