சட்டம் கற்கப் போகிற பையன்

செல்லமுத்து அண்ணா, சந்தைக்கு இறங்கும் நாளெல்லாம் நாம் இருவரும் முள்ளுக்குறிச்சியில் பஸ்ஸுக்கு நின்று, மற்றவர்கள் பேசுவதைக் கேட்டுச் சிரிப்போமே. நீ இறந்த பிறகு நேற்றுதான் முதல்முறையாகத் தனியாக நின்றேன். எனக்கு முன்னால் மலைமேல் இருக்கும் தேவனூர் நாட்டுக்காரர் ஒருவரும் உள்ளூர்க் கொத்தனார் ஒருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“பையனைச் சட்டம் கத்துக்க மெட்ராசுக்கு அனுப்போணுங்க” என்றார் தேவனூர்க்காரர்.

“ஏனுங்க, சட்டம் இழைக்க மெட்ராசு எதுக்குங்க? எங்க ஆசாரிகிட்ட உடுங்க. கதவு, சன்னலு எல்லாஞ் சொல்லிக் குடுப்பாரு.”

“அட, மரச்சட்டம் இல்லீங்க! பையன் பி.ஏ. முடிச்சுட்டான். இது கோர்ட்டுச் சட்டம், பி.எல். பட்டம்.”

கொத்தனார் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். “அதுக்கு ரொம்பச் செலவாகுமேங்க?”

“கவர்மெண்டு காலேஜுல கட்டற சம்பளம் கம்மிங்க. படிப்பும் நல்லாருக்குமாம். பழைய தீர்ப்பெல்லாம் அங்க தேடிப் படிக்கலாமாம். எங்க பாட்டன் உழுத காட்டை அதிகாரிங்க எங்களுது இல்லைங்கறாங்க. எந்தச் சட்டத்துல அப்படி இருக்குதுன்னு அவன் பாத்துச் சொல்லட்டும். தங்கத்தான் இடமில்லை. அதுலயே படிப்பு நின்னுருமாட்டம் இருக்குதுங்க.”

“எந்தம்பி மெட்ராசுலதான் குடும்பத்தோட இருக்கறான். அவனூட்டுல தங்கிக்கட்டும். ஆனா ஒண்ணுங்க, வக்கீலானதும் எங்க ஆசாரி மேல கேசு போடோணும். அவரு செஞ்ச கதவு இன்னும் சாத்த மாட்டேங்குது.”

தேவனூர்க்காரர் சந்தைக்குக் கொண்டுவந்த பலாப்பழத்தைத் தூக்கி அவர் கையில் கொடுத்தார்.

நான் சிரித்தபடி உன் பக்கம் திரும்பினேன். அங்கே வேறு யாரோ நின்றார்கள்.

இதைப் படிக்கிறவர்களே, எங்கள் அண்ணன் செல்லமுத்து போன இடத்தில் நல்லபடியாக இருக்க வேண்டுமென்று, நீங்கள் கும்பிடும் சாமியிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.