கதவுக்கு வெளியே நிற்பவன்

இரவு இரண்டு மணி. ஊரிலிருந்து கழிவுநீர் நிலையத்துக்குப் போகும் மண்சாலை. ஒரு பக்கம் குளங்கள்... கறுப்பாக, அசையாமல். மறுபக்கம் மணல்மேடு. விளக்குக் கம்பங்கள் உண்டு, விளக்குகள் இல்லை. அந்தச் சாலையில் ஒரே ஒரு வண்டி போய்க்கொண்டிருந்தது.

நெருங்கி உட்காருங்கள். இது நம் ஹிலாரியோவின் மாமா எவரிஸ்தோவுக்கு நடந்தது. நம்பாதவர்கள் அவனையே கேட்டுக்கொள்ளலாம். நம் முகத்தைப் பார்க்காமல் சிகரெட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறானே, அவனைத்தான்.

"ஆரம்பிச்சிட்டியா?" என்றான் ஹிலாரியோ. "சொல்லித் தொலை. ஆனா கூட்டிச் சொல்லாதே."

கூட்டவில்லை. வண்டியை ஓட்டியவன் லிஸார்தோ. நகராட்சிக்கு வேண்டிய மருந்து, குழாய், சிலிண்டர் எல்லாம் வாங்குகிற பிரிவுக்கு அவன்தான் தலைவன். பக்கத்தில் எவரிஸ்தோ. நிலையத்தில், கழிவுநீரின் கிருமியைக் கொல்லும் குளோரின் என்ற விஷவாயு இருக்கும் அறையைப் பார்த்துக்கொள்பவர். அவர் மகளுக்கு லிஸார்தோதான் ஞானத்தகப்பன். அதனால் இருவரும் ஒருவரையொருவர் 'கொம்பாத்ரே' என்றுதான் கூப்பிடுவார்கள். நம் ஊரில் அண்ணன் தம்பி வெட்டிக்கொள்ளலாம். கொம்பாத்ரே சொன்ன வார்த்தையைச் சந்தேகப்படக் கூடாது.

இருவர் மனதிலும் நெப்தாலிதான்.

நெப்தாலி, எவரிஸ்தோவின் கூட்டாளி, ஒல்லியான மனுஷன். குளோரின் அறையில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் உள்ளே போனால் ஒருவர் கதவுக்கு வெளியே நிற்க வேண்டும். வெளியே நிற்பவர் ஸ்பானரால் குழாயில் ஒரு தட்டு தட்டுவார்... டங். உள்ளே இருப்பவர் இரண்டு தட்டுவார்... டங் டங். உயிரோடு இருக்கிறேன் என்று அர்த்தம். பதில் வராவிட்டால் கதவைத் திறந்து ஆளை இழுத்துவிட வேண்டும். பல வருஷமாக இருவரும் மாறி மாறி அப்படி நின்றவர்கள்.

அந்த வருஷம் நகராட்சி வாங்கிய குளோரின் சிலிண்டர்கள் மஞ்சள் பெயின்ட் பளபளக்க வந்து இறங்கின. டெண்டரில் எல்லாரையும்விட மலிவாகக் கேட்டவனிடம் வாங்கியவை. நெப்தாலி ஒன்றை நகத்தால் சுரண்டினார். உள்ளே துரு... உப்புக்காற்று தின்ற துரு.

"கிழவிக்குப் பவுடர் பூசி அனுப்பியிருக்கான். இதை நான் மாட்ட மாட்டேன்."

எவரிஸ்தோ நேராக லிஸார்தோவிடம் போனார். அவன் சிரித்தான். "கொம்பாத்ரே, எல்லாத்துக்கும் அழுத்தம் ஏத்திச் சோதிச்சாச்சு. நானே பக்கத்துல நின்னு பார்த்தேன். உம்ம மகளுக்கு ஞானஸ்நானம் குடுத்தப்போ கையில ஏந்துனவன் நான். உம்மகிட்டப் பொய் சொல்லுவேனா?"

எவரிஸ்தோ திரும்பி வந்து நெப்தாலியிடம் சொன்னார். "என் கொம்பாத்ரே கண்ணால பார்த்திருக்கான். மாட்டு."

நெப்தாலி முணுமுணுத்துக்கொண்டேதான் உள்ளே போனார். சிலிண்டரின் கழுத்து உடைந்தது. எவரிஸ்தோ கதவைத் திறந்து இழுத்தார். இழுத்தது உடம்பைத்தான்.

முகமூடியைச் சரியாக மாட்டவில்லை, நெப்தாலிமேல்தான் தவறு என்றது நகராட்சி. எவரிஸ்தோ அதை நம்பவில்லை. ஆனால் நம்ப ஆசைப்பட்டார். லிஸார்தோ சொன்னது பொய் என்றால், நெப்தாலியைச் சாகச் சொல்லி உள்ளே அனுப்பியது வேறு யார்?

அதற்குப் பிறகு அந்தக் கதவில் நிற்க யாரும் வரவில்லை. நான் முதலில் சொன்ன அந்த ராத்திரி, ஓடிக்கொண்டிருந்த சிலிண்டர் தீர்ந்துபோனது. குளோரின் கலக்காத தண்ணீர் நேராகக் கடலுக்குப் போகும்... விடியலில் சிப்பி எடுக்க ஆட்கள் இறங்கும் இடத்துக்கு. எவரிஸ்தோ போய் லிஸார்தோவை எழுப்பினார்.

"சிலிண்டரெல்லாம் நல்லதுதான்னா, நீரே வந்து கதவுல நில்லும்."

லிஸார்தோ சட்டையை மாட்டிக்கொண்டான். "இதெல்லாம் கேட்கணுமா கொம்பாத்ரே? வாரேன்."

நிலையத்து நாய்க்கு லிஸார்தோவைக் கண்டால் ஆகாது. கடிக்க வரும். அன்றைக்குக் குரைக்கவில்லை. அவன் முதுகுக்குப் பின்னால் எதையோ பார்த்து வாலை ஆட்டியது. எவரிஸ்தோ பார்த்தார், கண்டுகொள்ளவில்லை. முகமூடியை மாட்டிக்கொண்டு உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது.

டங்.

அவர் பதிலுக்குத் தட்டினார். டங் டங்.

தீர்ந்ததைக் கழற்றினார். புதியதைச் சங்கிலியில் கட்டி, மாட்டி, வால்வை மெல்லத் திறந்தார். குச்சி நுனியில் அம்மோனியாவில் நனைத்த துணி இருக்கும். குளோரின் கசிந்தால் அதில் வெள்ளைப் புகை எழும். கழுத்தருகே காட்டினார்... ஒன்றுமில்லை. பக்கவாட்டில்... ஒன்றுமில்லை. அவருக்கு அழுகையே வந்துவிட்டதாம். லிஸார்தோ பொய் சொல்லவில்லை. தான் யாரையும் கொல்லவில்லை.

டங்.

டங் டங்.

குனிந்து அடிப்பகுதியில் காட்டினார். பால் பொங்குவதுபோலப் புகை. பெயின்ட் கொப்பளித்து உப்பியது... பிளந்தது... உஸ்ஸ்ஸ்.

"கொம்பாத்ரே! திற!"

கதவைத் தள்ளினார். அசையவில்லை. வெளியே தாழ்ப்பாள் போட்டிருந்தது. இரண்டு கையாலும் குத்தினார். தோளால் இடித்தார். முகமூடிக்குள்ளேயே நெடி ஏறியது... பிளீச்சிங் பவுடர் மூட்டைக்குள் தலையை விட்டதுபோல்.

டங்.

வெளியேதான் நிற்கிறான். தட்டுகிறான். ஆனால் திறக்கமாட்டேன் என்கிறான்!

டங்... இந்தத் தடவை சத்தம் கதவுப் பக்கமிருந்து வரவில்லை. பின்சுவரில், உயரத்தில், சன்னலை ஒட்டி வந்தது. எவரிஸ்தோவுக்குச் சட்டென்று உறைத்தது. குளோரின் கனமானது, தரையில்தான் தேங்கும். சங்கிலியைப் பிடித்து, சிலிண்டர்களின்மேல் கால் வைத்து ஏறினார். ஸ்பானர் எங்கோ விழுந்துவிட்டது. பதில் சொல்ல, சுவரில் நெற்றியால் இரண்டு முறை முட்டினார். ஓர் உதையில் சன்னல் சட்டம் கழன்றது. மணலில் போய் விழுந்தார்.

முகமூடியைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் பார்த்தார். சன்னலுக்குக் கீழே யாரும் இல்லை. ஏணியும் இல்லை. சுற்றிக்கொண்டு கதவுக்கு வந்தார். அங்கேயும் யாரும் இல்லை. வெளியே நிற்பவருக்கான ஸ்பானர் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதன்மேல் தூசி... விரல்கூடப் படாத தூசி.

லிஸார்தோ ஒரு தட்டுக்கூடத் தட்டவில்லை. அவர் உள்ளே போனதுமே தாழிட்டுவிட்டு, வண்டிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். சிலிண்டரின் லட்சணம் அவனுக்குத் தெரியும். ஆரம்பத்திலிருந்தே தெரியும். அவனைக் கேள்வி கேட்க இன்னும் உயிரோடு இருந்தது எவரிஸ்தோ ஒருவர்தான். அவர் கதவைக் குத்தும் சத்தம் கேட்டதும் வண்டியைக் கிளப்பிவிட்டான்.

தூரத்தில் மண்சாலையில் வண்டி போய்க்கொண்டிருந்தது. முன்விளக்கின் வெளிச்சத்தில் உள்ளே நிழலாக இரண்டு தலைகள். ஒன்று லிஸார்தோ. எவரிஸ்தோ உட்கார்ந்து வந்த இடத்தில்... இன்னொன்று.

ஆஸ்பத்திரிக்கு லிஸார்தோ பப்பாளி வாங்கிக்கொண்டு வந்தான். "காத்துல கதவு தானா சாத்திக்கிச்சு கொம்பாத்ரே. ஆள் கூட்டிட்டு வரத்தான் ஓடினேன்." எவரிஸ்தோ சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். புகார் கொடுத்தார். ஒன்றும் நடக்கவில்லை. அவன் நாற்காலி அவனுக்கே. அடுத்த டெண்டரையும் அவனே பார்த்தான்.

எவரிஸ்தோவுக்கு அதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. நெப்தாலியிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அவ்வளவுதான். உன் நகத்தை நம்பாமல் அவன் நாக்கை நம்பினேன் என்று. நடக்கத் தெம்பு வந்ததும் தினமும் ராத்திரி அந்த அறைக்குப் போய், கதவுக்கு வெளியே நின்று தட்டினார். டங்... காதைக் குழாயில் வைத்துக் காத்திருந்தார். பதில் இல்லை.

"காப்பாத்த மட்டும் வந்தியாடா? திட்டவாவது வாடா!" என்று கத்தினார். நாய் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தது. வாலை ஆட்டவில்லை.

வரவேயில்லை. லிஸார்தோ ஏமாற்றியதைத் தாங்கிக்கொண்ட மனிதர், இதைத் தாங்க முடியாமல் இளைத்துப்போனார்.

லிஸார்தோ நன்றாகத்தான் இருந்தான். அவன் வீட்டில் ஒரே ஒரு தொல்லை. எந்தச் சட்டை வாங்கினாலும் இடது தோள் மட்டும் வெளுத்துவிடும். கறுப்பு, நீலம், எதுவானாலும் சரி. அவன் மனைவி சலவைக்காரிகளை மாற்றி மாற்றிப் பார்த்தாள். "சோப்புப் போடுறியா, ஆசிட் ஊத்துறியா?" என்று தெருவே கேட்கச் சண்டை போட்டாள்.

ஒரு மதியம் சந்தையில் எவரிஸ்தோ சூப் குடித்துக்கொண்டிருந்தார். வெளியூரிலிருந்து வந்து புதிதாகக் கடை போட்ட எதெல்மீரா என்கிற அம்மாளிடம். அந்தப் பக்கமாக லிஸார்தோ நடந்து போனான். தனியாகத்தான். எதெல்மீரா கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு, அவன் மூலை திரும்பும்வரை பார்த்தாள்.

"உங்க கொம்பாத்ரேகூடவே திரியுறாரே, அந்த ஒல்லி மனுஷன் யாருங்க? நானும் வந்த நாளா பாக்குறேன். தோள்ல போட்ட கையை எடுக்கவே மாட்டேங்கிறாரு. அவங்க ரெண்டு பேரும் அவ்வளவு சிநேகமா?"