வட்டம் போடாத சக்கரம்

என் பெயர் கிளமென்ட். தந்தை பெயர் அற்புதசாமி, காலஞ்சென்றவர். வயது நாற்பத்து நான்கு. அரியமங்கலத்தில் குடியிருந்துகொண்டு, வீட்டின் முன்புறமே கொட்டகை போட்டு கேஸ் வெல்டிங் பட்டறை நடத்தி வருகிறேன். இந்த வாக்குமூலத்தைக் கொடுக்க எனக்குக் கட்டாயம் எதுவும் இல்லை என்றும், கொடுத்தால் அது எனக்கு எதிராகவே பயன்படலாம் என்றும் நடுவர் அவர்கள் இரண்டு முறை சொன்னார்கள். ஒரு முறை சொன்னதே போதும். எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

13-2-86 வியாழக்கிழமை கார் மரத்தில் மோதி இறந்துபோன செபஸ்தியான், என் தங்கை லூர்துராணியின் கணவர். காரின் சொந்தக்காரர் ஸ்ரீரங்கம் கீழச் சித்திரை வீதி அழகியமணவாளன் என்பவர்மீது மட்டும் வழக்கு நடக்கிறது. என் தங்கை கொடுத்த புகாரும், போலீஸாரிடம் நான் முதலில் சொன்னதும் அதற்குக் காரணம். நான் சொன்னதில் பொய் இல்லை. ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். அதைச் சொல்லத்தான் இன்று நானாக வந்திருக்கிறேன். அழகியமணவாளன்மீது எனக்கு இரக்கம் வந்துவிட்டது என்று யாரும் எழுதிக்கொள்ள வேண்டாம். அந்த மனிதரை எனக்கு அன்றும் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை.

செபஸ்தியானும் நானும் பதினோரு வருடம் ஒரே பட்டறையில் வேலை பார்த்தோம். அவர் கார் மெக்கானிக், நான் வெல்டர். பற்றவைத்த சாமானை நான் சோதித்து, ஆகாத இடம் ஏதாவது தெரிந்தால் அங்கே சாக்பீஸால் ஒரு வட்டம் போடுவேன். வட்டம் இருந்தால் அவர் அதை வண்டியில் மாட்டமாட்டார். வட்டம் இல்லையென்றால் மறுபேச்சில்லாமல் மாட்டுவார். யார் மாட்டினாரோ அவரே முதல் ஓட்டத்தில் வண்டியில் உட்கார வேண்டும் என்பதும் எங்கள் வழக்கம். 1983-ம் வருடம் அவர் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பிரிந்து போய், சத்திரம் பேருந்து நிலையம் பக்கம் தனியாகப் பட்டறை வைத்தார். ஒரு திங்கட்கிழமை காலையில் கொட்டகையைத் திறந்தால், அவர் ஸ்பானர் மாட்டும் ஆணிகள் மட்டும் சுவரில் இருந்தன. அதன் பிறகு இரண்டரை வருடமாக எங்களுக்குள் பேச்சு இல்லை. என் தங்கை வீட்டு வாசலை நான் மிதிக்கவில்லை.

11-2-86 செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூன்று மணி சுமாருக்கு அழகியமணவாளன், தன் டிரைவர் மருதையோடு ஒரு ஆட்டோவில் வந்து இறங்கினார். மருதை கையில் சாக்கில் சுற்றிய ஒரு சக்கரம் இருந்தது. அது அலுமினியக் கலவையில் வார்த்த வெளிநாட்டுச் சக்கரம், அலாய் வீல் என்பார்கள். ஜெர்மனியில் இருக்கும் அவருடைய மருமகன் அப்படி நான்கு வாங்கி அனுப்பியிருந்தாராம். பார்க்க வெள்ளித் தாம்பாளம் மாதிரி இருக்கும். நம் ஊர் இரும்பு டிஸ்க் பள்ளத்தில் விழுந்தால் நெளியும், சுத்தியலால் தட்டி நிமிர்த்திவிடலாம். இது நெளியாது, விரியும். பள்ளத்தில் இறங்கி, ஓரத்தில் மூன்று அங்குலத்துக்கு விரிசல் விட்டிருந்தது. கார் செபஸ்தியான் பட்டறையில் நிற்பதாகவும், அலுமினியத்தைப் பற்றவைக்க என்னிடம் போகும்படி அவர்தான் சொல்லி அனுப்பினார் என்றும் மருதை சொன்னார்.

நான் அழகியமணவாளனிடம், "இது ஆகாதுங்க. ஸ்டெப்னியில ஒரு இரும்பு டிஸ்க் இருக்குமே, அதையே மாட்டி ஓட்டுங்க" என்று சொன்னேன். அதற்கு அவர், "மூணு வெள்ளியும் ஒரு இரும்புமா நின்னா பார்க்கச் சகிக்காது. வெள்ளிக்கிழமை எங்காத்து மாப்பிள்ளை வரார். நாலும் வண்டியில இருக்கணும். உமக்குப் பத்தவைக்கத் தெரியுமா தெரியாதா, அதை மட்டும் சொல்லும்" என்றார். அதன் பிறகும் நான் ஆகாது என்றேன். மூன்று தடவை சொன்னேன், மருதை சாட்சி. நான் நாற்காலியைத் துடைத்துப் போட்டேன், அவர் உட்காரவில்லை. சீமையில் செய்த சாமானைப் பற்றி அரியமங்கலத்தில் பாடம் கேட்க வரவில்லை என்றும் சொன்னார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. தெரியும் என்று காட்டுவதற்காகவே கேஸ் டார்ச்சைப் பற்றவைத்தேன். அவர் மருதையை விட்டுவிட்டு அதே ஆட்டோவில் திரும்பிவிட்டார்.

பற்றவைத்து, அரத்தால் ராவி, ஆறவிட்ட பிறகு, வழக்கம்போல் சக்கரம் முழுவதும் மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, சாக்பொடியைத் தூவினேன். விரிசல் எங்கே இருந்தாலும் உள்ளே இறங்கின எண்ணெய் கசிந்து, பொடியில் ஈரக் கோடாகத் தெரியும். நான் பற்றவைத்த இடத்தில் கோடு இல்லை. ஆனால் போல்ட் ஓட்டைக்குப் பக்கத்தில், வெறும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், தலைமயிர் அளவுக்கு இன்னொரு கோடு வந்தது. இதைத்தான் நான் போலீஸாரிடம் சொல்லவில்லை. அந்த இடத்தில் வண்டியின் பாரம் முழுவதும் இறங்கும். அந்தச் சக்கரம் குப்பைக்குத்தான் லாயக்கு என்று எனக்கு அப்போதே தெரியும்.

அப்போது சாக்பீஸ் என் சட்டைப்பையில்தான் இருந்தது. நான் எடுக்கவில்லை. மருதையிடம், "உங்க மெக்கானிக்கை நேர்ல வரச் சொல்லு. ஒரு விஷயம் இருக்கு" என்றேன். "அவரு வரமாட்டாருங்க. என்கிட்டயே சொல்லுங்க, நான் சொல்லிடறேன்" என்றார் மருதை. "உன்கிட்டச் சொல்றதுக்கு இல்ல" என்று சொல்லி, பொடியை ஈரத்துணியால் துடைத்து, சக்கரத்தைச் சாக்கில் சுற்றிக் கொடுத்துவிட்டேன். வேலை வேண்டுமென்றால் செபஸ்தியான் டிரைவரை அனுப்புவார், என் வாசலுக்கு வரமாட்டார் என்ற ஆத்திரம்தான். வந்து கேட்கட்டும், கேட்டால் சொல்லலாம் என்று நினைத்தேன்.

மறுநாள் விபூதிப் புதன். மாதா கோயில் காலைப் பூசையில் நெற்றியில் சாம்பல் பூசிக்கொள்ள வரிசையில் நின்றபோது, எனக்கு முன்னால் மூன்றாவது ஆளாக செபஸ்தியான் நின்றார். சாம்பல் பூசிக்கொண்டு திரும்பும்போது என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். ஒரு வார்த்தை போதும். அவர் முதலில் பேசட்டும் என்று நான் பீடத்தைப் பார்த்துக்கொண்டேன். அவர் வாசலில் செருப்பு மாட்ட வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டார். அதன் பிறகு சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு, மருதை ஓட்ட, செபஸ்தியான் பக்கத்தில் உட்கார, கார் கொள்ளிடம் பாலம் தாண்டித் திருவெள்ளறை ரோட்டில் முதல் ஓட்டம் போனது. முன் இடதுபுறச் சக்கரம் உடைந்து கார் புளியமரத்தில் மோதியது. மருதைக்குக் கை முறிந்தது. செபஸ்தியான் ஆஸ்பத்திரியில் அன்று சாயந்தரம் இறந்தார். நான் போனபோது நெற்றி கட்டுப்போட்டு மறைந்திருந்தது.

அதன் பிறகு போலீஸ் நிலையத்தில் உடைந்த சக்கரத்தைக் காட்டினார்கள். நான் பற்றவைத்த இடம் விடவில்லை, கெட்டியாக இருந்தது. போல்ட் ஓட்டைப் பக்கத்துக் கோட்டில்தான் பிளந்திருந்தது. என் வேலை பிழையில்லை என்று எழுதிக்கொடுத்தேன். எல்லோரும் நம்பினார்கள். அழகியமணவாளன், "பெருமாள் சாட்சியாச் சொல்றேன், அங்கே இன்னொரு விரிசல் இருந்தது அடியேனுக்குத் தெரியாது" என்று எல்லோர் முன்னாலும் கைகூப்பினார். பிடிவாதக்காரர், கர்வம் பிடித்தவர். ஆனால் அன்று அவர் சொன்னது நிஜம். அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

பத்து நாள் கழித்து மருதையைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். நான் கூப்பிட்டு அனுப்பியதை செபஸ்தியானிடம் சொன்னாயா என்று கேட்டேன். சொன்னதாகச் சொன்னார். அதற்கு செபஸ்தியான் சக்கரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வட்டம் இல்லையே. மச்சான் சண்டை போடத்தான் கூப்பிடறாரு. சக்கரத்துல குத்தம் இருந்தா வட்டம் போட்டிருப்பாரு. என்மேல எவ்வளவு கோவம் இருந்தாலும் வேலையில அந்த ஆளு ஏமாத்தமாட்டாரு" என்று சொல்லி மாட்டினாராம். மருதை இதை எனக்கு ஆறுதல் என்று நினைத்துச் சொன்னார்.

லூர்துராணிக்கு இது எதுவும் தெரியாது. இரண்டரை வருடத்துக்குப் பிறகு அவள் வீட்டுக்குப் போய்வருகிறேன். தனக்கு அண்ணன் இருக்கிறார் என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறாள். இன்றைக்குப் பிறகு சொல்லமாட்டாள். அதையும் யோசித்துத்தான் வந்தேன்.

நடுவர் அவர்கள் சான்றுப் பொருளாக வைத்திருந்த சக்கரத்தை என் முன் வைக்கச் சொல்லி, நான் கண்ட இடம் எது என்று கேட்டார்கள். விரலால் காட்டினால் போதும் என்றார்கள். நான் சட்டைப்பையிலிருந்து சாக்பீஸை எடுத்து, அந்த இடத்தைச் சுற்றி வட்டம் போட்டேன்.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. இவை அனைத்தும் உண்மை. யாருடைய தூண்டுதலும் இல்லாமல் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) அ. கிளமென்ட்
10-3-86, திருச்சிராப்பள்ளி