ரேஸ் கேட்டுக்கு வெளியே

ஜட்கா வண்டி ஓட்டுவது ஒன்றும் கேவலமான தொழில் இல்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. கடலூரில் மழைக்காலத்தில் சவாரி ஜாஸ்தி. ஆனால் நான் மெட்ராஸில் ரேஸ் குதிரை பார்த்துக்கொள்ள லைசென்ஸ் வாங்கினவன்.

அறுபத்திரண்டாம் வருஷ சீசனில் என் மேல் ஒரு புகார். குதிரை தோற்கட்டும் என்று, ஓட்டத்துக்கு முன்னால் வாளி வாளியாகத் தண்ணீர் காட்டினேனாம். சாட்சி சொன்னவன் என் பெண்டாட்டி ஷரீபாவின் தம்பி மீரான். அதே லாயத்தில் நான் சேர்த்துவிட்ட ஆள். கமிட்டிக்காரர்கள் லைசென்ஸைப் பிடுங்கிக்கொண்டார்கள். மெட்ராஸில் தள்ளிவைத்தால் பெங்களூர், ஊட்டி, எங்கேயும் கேட்டுக்குள் கால் வைக்கக் கூடாது என்பது ரூல். டிக்கெட் வாங்கி வேடிக்கை பார்க்கக்கூட விடமாட்டார்கள். சாட்சி பின்வாங்கினால் மறுபடி விசாரிப்பார்கள் என்று ஒரு கிளார்க் சொன்னார். மனுப் போடத்தான் இந்த வயதில் எழுத்துப் படித்தேன்.

வெள்ளிக்கிழமை மீரான் சிதம்பரத்தில் ஒரு நிக்காஹுக்குப் போகிற வழியில் அக்காவைப் பார்க்க வந்தான். பஸ்ஸுக்குக் கொண்டுவிடுகிறேன் என்று வண்டியில் ஏற்றி, முந்திரித் தோப்புப் பக்கம் ஓட்டினேன்.

"ஒரு வார்த்தை மாத்திச் சொல்லு மீரான். புள்ளைங்க பட்டினி கெடக்குதுங்க."

"பாத்ததத்தான் சொன்னேன் மச்சான். இந்தக் கிழட்டுக் குதிரைக்காவது தண்ணிய அளவா காட்டுங்க" என்று சிரித்தான்.

குதிரை முரண்டு பிடித்தால் நாங்கள் அடிப்பதில்லை. கட்டையில் கட்டிய கயிற்று வளையத்தை அதன் மேல் உதட்டில் மாட்டி முறுக்குவோம். அசையாமல் நிற்கும். அந்தக் கட்டை வண்டியில் இருந்தது. மனுஷன் உதட்டில் அது நிற்காது, அதனால் கழுத்தில் மாட்டினேன். ஒவ்வொரு முறுக்குக்கும் ஒரு தடவை மரியாதையாகக் கேட்டேன். வண்டிப் பலகை பிளக்கிற மாதிரி உதைத்தான். அவன் நகம் இரண்டு பிய்ந்து கயிற்றில் ஒட்டிக்கொண்டது. மூக்கிலிருந்து ரத்தம் என் கை மேல் சூடாக ஓடியது. சரி என்கிற மாதிரி தலை ஆடியது. ஆனால் வாயால் சொல்லவில்லை. வாயால் சொன்னால்தானே கமிட்டி ஏற்கும்? இன்னும் முறுக்கினேன்.

தோப்பில் போட்டுவிட்டு வர மனசு வரவில்லை. அக்காவிடமே கொண்டுவந்து இறக்கினேன். ஷரீபா கத்தின கத்தலில் குதிரை மிரண்டுவிட்டது.

மீரான் சொன்னது நிஜம்தான். தண்ணீர் காட்டியதும் நான்தான், அவனைக் கொன்றதும் நான்தான். மறைக்க ஒன்றுமில்லை. எனக்கு எதிராக இருந்தது அந்த ஒரு சாட்சிதான், இப்போது அவனும் இல்லை. ஐயா மெட்ராஸுக்கு ஒரு வரி எழுதிப் போட்டால், அடுத்த சீசனுக்கு என்னை உள்ளே விட்டுவிடுவார்கள்.