இடது பக்கத்துப் பெட்டி

— வேன் சாவியைக் குடுத்துடும்மா. நாளைக்குத் திங்கக்கிழமை. பிள்ளைங்க எல்லாம் பையை மாட்டிக்கிட்டு வாசல்ல நிப்பாங்க.

— பேச்சு மாறக் கூடாது மாமா. இந்த வீடியோ கேம்ல, பஸ் டிப்போக்குள்ள நாலு பெட்டி ஒளிச்சு வெச்சிருக்கான். எனக்கு முன்னாடி நீங்க மூணைக் கண்டுபிடிச்சுத் திறங்க, சாவி உங்க கையில. இல்லேன்னா...

— இல்லேன்னா?

— கண் டாக்டரைப் பாத்துட்டு வந்தப்புறம்தான் சாவி.

— ஒரு கேட் தூண்ல லேசா உரசினதுக்கா இவ்வளவு பெரிய விசாரணை? அந்தத் தூண் எப்பவுமே கொஞ்சம் ரோட்டை எட்டிப் பாத்துக்கிட்டேதான் நிக்கும்.

— நான் கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து அது அதே இடத்துலதான் மாமா நிக்குது.

— அதான் சொல்றேன். இத்தனை வருஷம் நல்ல பிள்ளையா நின்னுட்டு, வெள்ளிக்கிழமை பாத்து நகந்திருக்கு.

— சிரிச்சு மழுப்பாதீங்க. வேன்ல இடது பக்கக் கண்ணாடி தொங்குது. ஒரு பிள்ளை கையை வெளியே நீட்டியிருந்தா?

— வண்டி காலியாத்தான் இருந்துச்சு.

— காலியா இல்லாம இருந்திருந்தா?

— ...சரி, சரி. ஆட்டத்தைப் போடு. உங்க அத்தை தையக்கடையைச் சாத்திட்டு வர்றதுக்குள்ள முடிக்கணும். பட்டப்பகல்ல ஜன்னலை எல்லாம் மூடிக்கிட்டு மாமனாரும் மருமகளும் பேய் சுடுறோம்னு தெரிஞ்சா, துணி வெட்டுற கத்திரியோட உள்ள வந்துடுவா. பேய்ங்ககிட்டகூட அவ்வளவு பெரிய கத்திரி கிடையாது.

— முதல்ல டீயைக் குடிங்க. ஆறுது.

— டீயா? எங்க?

— உங்க இடது கைப் பக்கம்.

— அட... ஆமா. நான் வந்து உக்காந்தப்பவே இருந்துச்சா?

— இருந்துச்சு.

— ம். பச்சைத் தண்ணி ஆயிடுச்சு. பரவால்ல. நான் முன்னாடி போறேன், நீ பின்னாடி வா. டார்ச்சைப் போடு.

— போட்டாச்சு.

— என்ன இருட்டு... இந்த ஆட்டம் பண்றவனுங்க எல்லாம் பகல்லயே பேய் பிடிக்க மாட்டானுங்களா? அதோ! வலது பக்கம், டீசல் டிரம்முக்குப் பின்னாடி. சிவப்பா மினுக்குது பாரு. ஒண்ணு!

— கண்டுபிடிச்சா மட்டும் போதாது. பூட்டைத் திறக்கணும். மூணு எண் கேக்குது.

— இங்கதான் எங்கயாவது எழுதி வெச்சிருப்பான். இரு... இத்தனை பஸ் செத்துக் கிடக்குது, ஒண்ணுல மட்டும் விளக்கு எரியுதே. நெத்திப் பலகையில என்ன நம்பர்? ஆறு... ஒண்ணு... எட்டு. போட்டுப் பாரு.

— திறந்துடுச்சு!

— ஊரே பேயாயிடுச்சு, அவனவன் செருப்பை விட்டுட்டு ஓடுறான். ஒருத்தன் மட்டும் நிதானமா நின்னு, பெட்டியில குண்டு எல்லாம் அடுக்கி, பூட்டி, நம்பரை பஸ்ல எழுதி, பின்னாடி வர்றவனுக்குத் தெரியட்டும்னு விளக்கையும் போட்டுட்டுப் போயிருக்கான். இப்படிப் பொறுப்பான ஆளை நான் வேலை பாத்த ஒரு இடத்துலயும் பாத்ததில்லம்மா.

— உள்ள என்னென்ன இருக்கு?

— துப்பாக்கிக் குண்டு, கட்டுத்துணி, டார்ச்சுக்கு பேட்டரி. குண்டு எனக்கு. கட்டுத்துணி உனக்கு.

— அது என்ன, எனக்கு மட்டும் கட்டுத்துணி?

— அடி வாங்குறது நீதானே? பேய் வந்தா மரம் மாதிரி நிக்கிற. இந்தா, சொல்லி வாய் மூடலை... வருது பாரு! குனி! குனிம்மா!... ஆச்சு. விழுந்துடுச்சு. பாவம், யாரோ கண்டக்டர் போல. தோள்ல பை தொங்குது.

— சரி, நடங்க. இன்னும் ரெண்டு பெட்டி வேணும் உங்களுக்கு.

— ரெண்டு என்ன, ரெண்டு நிமிஷம். அடுத்தது ஒர்க்‌ஷாப். நேரா போயி, டயர் அடுக்கி வெச்சிருக்கிற இடத்துல திரும்பினா ஒரு லாக்கர் வரிசை வரும். அதுக்கு மேலதான் பெட்டி.

— இன்னும் உள்ளயே போகலை. எப்படி மாமா தெரியும்?

— அனுபவம்மா. டிப்போன்னு இருந்தா ஒர்க்‌ஷாப் இருக்கும். ஒர்க்‌ஷாப்னு இருந்தா லாக்கர் இருக்கும். லாக்கர்னு இருந்தா... வா, வா. இதோ டயர். இதோ லாக்கர். திறக்கிறேன் பாரு.

— திறங்க.

— ...என்ன இது? பட்டனை அழுத்துறேன், ஒண்ணும் ஆக மாட்டேங்குது.

— அங்க பெட்டியே இல்லையே மாமா.

— இல்லாம எங்க போகும்? நேத்து இங்கதானே இருந்துச்சு!

— நேத்தா?

— நேத்துன்னா... ஒரு பேச்சுக்குச் சொல்றது.

— இந்த டிப்போவுக்கு நாம இன்னிக்குத்தானே முதல் தடவையா வர்றோம்?

— நாம வராட்டி என்ன? டிப்போ நேத்தும் இருந்திருக்கும் இல்ல?

— மாமா.

— ம்.

— நான் வேலைக்குப் போனப்புறம் நீங்க தனியா விளையாடுறீங்களா?

— விளையாடலைம்மா. படிக்கிறேன். எந்தப் பெட்டி எந்த மூலையிலன்னு மனப்பாடம் பண்றேன். ஸ்கூல்ல இப்படிப் படிச்சிருந்தா நான் ஸ்கூல் வேன் ஓட்டியிருக்க மாட்டேன். வேன்ல போற ஹெட்மாஸ்டரா ஆயிருப்பேன்.

— எனக்குத் தெரியும்.

— எப்படி?

— சாயந்தரம் வந்து தொட்டுப் பாத்தா கேம் மிஷின் சுடுது. அதனாலதான் இன்னிக்குப் பெட்டி எல்லாம் இடம் மாறுற மாதிரி செட்டிங்ஸை மாத்திட்டேன்.

— அடிப்பாவி! பரீட்சை அன்னிக்குப் பாடத்தையே மாத்திட்டியே!

— பெட்டி இந்த ரூம்லதான் இருக்கு மாமா. நகராம, நிக்கிற இடத்துலேர்ந்தே எங்க இருக்குன்னு சொல்லுங்க.

— டயர்... லாக்கர்... சுவர்... உடைஞ்ச நாற்காலி... இல்லையே.

— மினுக்கிட்டிருக்கு.

— இல்லம்மா.

— சத்தம்கூடப் போடுது.

— சத்தம் கேக்குது. ஆளைத்தான் காணோம்.

— முகத்தைக் கொஞ்சம் இடது பக்கமாத் திருப்புங்க... இன்னும் கொஞ்சம்... ம், இப்போ.

— இவ்வளவு பெரிசா இருக்கு.

— ஆமா.

— என் மூக்குக்குப் பக்கத்துல.

— ஆமா மாமா.

— வெட்கமே இல்லாம மினுக்கிட்டிருக்கு பாரேன்.

— ரொம்ப நாளாவே கவனிக்கிறேன். வலது பக்கம் டீ வெச்சா குடிச்சிடுறீங்க. இடது பக்கம் வெச்சா ஆறிப் போகுது.

— டீயை வெச்சுக்கூடவா பரீட்சை?

— ரோட்டையும் இப்படித்தான் மனப்பாடமா ஓட்டுறீங்களா? நாய் வரும், சைக்கிள் வரும், ஏதாவது குழந்தை ஓடி வரும். அதெல்லாம் நேத்து இருந்த இடத்துலயே இருக்குமா மாமா?

— ...ஒண்ணு சொல்றேன். அவன்கிட்ட சொல்லக் கூடாது.

— உங்க பிள்ளைகிட்ட சொல்றதா வேண்டாமான்னு அப்புறம் பாக்கலாம். முதல்ல என்கிட்ட சொல்லுங்க.

— கண் டாக்டரைப் பாத்தாச்சு.

— என்னது!

— மழை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே. கண்ணுக்குள்ள அழுத்தமாம். ஓரத்துலேர்ந்து பூச்சி அரிக்கிற மாதிரி அரிச்சிட்டு வருதாம். போனது போனதுதானாம். இருக்கிறதைச் சொட்டு மருந்து விட்டுக் காப்பாத்திக்கலாமாம்.

— மருந்து எங்க?

— ஷேவிங் டப்பாவுக்குள்ள.

— வீட்டுக்குள்ளயே ஒரு பெட்டி ஒளிச்சு வெச்சிருக்கீங்க!

— நம்பர் பூட்டு மட்டும்தான் பாக்கி.

— ஒழுங்கா விடுறீங்களா?

— விடுறேம்மா. பாதி கண்ணுல, பாதி காதுல. காதுக்கு இப்போ நல்லாப் பார்வை தெரியுது.

— விளையாடாதீங்க! அத்தைக்குத் தெரியுமா?

— அவளுக்கா? ஊசியில நூல் கோத்துக் குடுங்கன்னு கேட்டாலே எனக்கு வெளியில அவசர வேலை வந்துடும்.

— தெரிஞ்சும் எப்படி மாமா பிள்ளைங்களை ஏத்திக்கிட்டு...

— நிறுத்து. அதை மட்டும் சொல்லிடாத. டாக்டர் சொன்ன நாள்லேர்ந்து ஒரு பிள்ளையைக்கூட நான் ஓட்டிட்டுப் போகலை.

— தினமும் காலையில வேனை எடுக்குறீங்களே? என் கண்ணால பாக்குறேனே?

— தெருமுனை வரைக்கும். அங்க குச்சி நிப்பான்.

— குச்சியா? உங்ககிட்ட கிளீனரா இருந்தாரே, அவரா?

— இப்போ அவன் டிரைவர், நான் கிளீனர். பக்கத்து சீட்டுல உக்காந்து பிள்ளைங்களை ஏத்தி விடுறது, இறக்கி விடுறது, யாரு யாரைக் கிள்ளினாங்கன்னு பஞ்சாயத்து பண்றது... எல்லாம் நான்தான். திரும்பி வரும்போது அவன் தெருமுனையில இறங்கிக்குவான். நான் வீடு வரைக்கும் ஓட்டிட்டு வருவேன்.

— எதுக்கு மாமா இந்த நாடகம்?

— காலையில வாசல்ல நின்னு கையாட்டுறியே. டிரைவர் சீட்டைப் பாத்து. பக்கத்துல சும்மா உக்காந்திருக்கிற கிழவனுக்கு யாரும்மா கையாட்டுவா?

— நான் ஆட்டுவேன்.

— ...ம்.

— ஆனா நம்ம தெருவுலயும் பிள்ளைங்க விளையாடுது மாமா.

— தெரியும். அன்னிக்குத் தூண்ல உரசினதும் இறங்கிப் பாத்தேன். சக்கரத்துக்குப் பக்கத்துல ஒரு பந்து கிடந்துச்சு. வெறும் பந்துதான். பின்னாடி யாரும் ஓடி வரலை. அந்தப் பந்து அங்க இருந்ததே எனக்குத் தெரியலைம்மா. அதுக்கப்புறம் எனக்குச் சோறே இறங்கலை.

— ஏன் சாப்பிடலைன்னு கேட்டதுக்குப் பல்வலின்னு சொன்னீங்க.

— சாப்பிடும்போது பல்லுதானே முன்னாடி நிக்குது. பழியை அது மேல போட்டேன்.

— இப்பவும் சாவி வேணுமா மாமா?

— ...வேண்டாம். குச்சிகிட்டயே குடுத்துடு. நாளைலேர்ந்து வாசலுக்கே வந்து எடுத்துக்கட்டும்.

— நீங்க?

— நான் ஜன்னலோரம். நல்லாக் காத்து வரும். இத்தனை வருஷம் ஓட்டியிருக்கேன், ஒருநாள்கூட ஜன்னலோர சீட்டு கிடைச்சதில்லை.

— நான் அந்த ஜன்னலைப் பாத்துத்தான் கையாட்டுவேன். நீங்களும் திருப்பி ஆட்டணும்.

— ஆட்டுறேன். நீ எந்தப் பக்கம் நிக்கிறன்னு மட்டும் ஒரு குரல் குடுத்துடு.

— மருந்தும் இனிமே நான்தான் விடுவேன். காலையில ஒரு தடவை, சாயந்தரம் ஒரு தடவை. காதுக்கு ஒண்ணும் கிடையாது.

— சரிங்க டாக்டரம்மா.

— அத்தைகிட்டயும் இன்னிக்கே சொல்லணும்.

— அதுக்கு அந்தப் பேய்ங்களோடவே இருந்துடலாம் போலிருக்கே... சரி, சொல்லலாம். நீ பக்கத்துல இரு.

— எனக்கு ஒண்ணு மட்டும் புரியலை மாமா. வேன் சரி. இந்த ஆட்டத்துல பெட்டி தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே? இதுக்குப் போயி உக்காந்து மனப்பாடம் பண்ணி...

— சொன்னா, கண்ணுக்கு ஆகாதுன்னு நீ ஆட்டத்தையே நிறுத்திடுவ.

— நிறுத்தினா என்ன?

— என்னவா? அவன் கப்பல் வேலைக்குப் போனதும் இந்த வீட்ல நீ வாயே திறக்கலைம்மா. வேலைக்குப் போவ, வருவ, ரூமுக்குள்ள போயிக் கதவைச் சாத்திக்குவ. நானும் உங்க அத்தையும் இங்க உக்காந்து கதவையே பாத்துக்கிட்டிருப்போம். ஒருநாள் இந்த மிஷின் முன்னாடி உக்காந்திருந்த. என்ன பேசுறதுன்னு தெரியாம, 'இதை எப்படிம்மா ஆடுறது?'ன்னு கேட்டு வெச்சேன். அன்னிக்குத்தான் நீ வாய் விட்டுச் சிரிச்ச. நான் சுவத்தைச் சுட்டுட்டேன்னு.

— ஞாபகம் இருக்கு.

— சரி, இந்தப் பொண்ணுக்கு இந்த ஆட்டம்னா உயிர் போலிருக்குன்னு பிடிச்சுக்கிட்டேன். மத்தபடி எனக்கு இதுல என்ன இருக்கு சொல்லு? இருட்டு, ரத்தம்... அரை மணி நேரத்துல தலை சுத்திடுது. நீ ஆசைப்பட்டு விளையாடுறியேன்னுதான்...

— எனக்காகவா இத்தனை நாளும் விளையாடினீங்க?

— பின்ன, பேய்க்காகவா?

— மாமா... சிரிக்காம கேக்கணும்.

— சிரிக்கலை. சொல்லு.

— அன்னிக்கு நான் அவரோட மிஷின்ல தூசிதான் தட்டிட்டிருந்தேன். நீங்க வந்து பக்கத்துல உக்காந்து கேட்டதும், 'ஓ, எனக்கு நல்லாத் தெரியுமே'ன்னு வாயில வந்துடுச்சு. எனக்குப் பேய்னாலே உயிர் போயிடும் மாமா. அது வர்றப்ப எல்லாம் கண்ணை இறுக்க மூடிக்கிட்டுத்தான் இத்தனை நாளா சுட்டுக்கிட்டிருக்கேன்.