சின்னப் புல்லி

காப்பி நன்றாக இருக்கிறது. காவல் நிலையத்துக் காப்பியை எல்லோரும் குறை சொல்வார்கள், எனக்குப் பிடித்திருக்கிறது. எரிந்த காரில் அந்தப் புல்லியை, பெல்ட் ஓடும் அந்தச் சின்னச் சக்கரத்தைக் கவனித்த உங்கள் ஆள் கெட்டிக்காரர்தான். அதை மாட்டியது நான்.

நீங்கள் ஹெல்சிங்கிக்காரர். எங்கள் சரளைத் தடக் கார்ப் பந்தயத்தின் விதி தெரியாமல் இருக்கலாம். பந்தயம் முடிந்ததும் ஓடிய காரை யார் வேண்டுமானாலும் விலைக்குக் கேட்கலாம். எல்லாக் காருக்கும் ஒரே விலை, அதுவும் அடிமாட்டு விலை. இரண்டு பேர் கேட்டால் சீட்டுக் குலுக்கல். சொந்தக்காரன் மறுத்தால் பந்தய உரிமம் பறிபோகும். பணக்காரன் காசைக் கொட்டி ஜெயிக்கக் கூடாது என்பதற்காக வைத்த விதி. நல்ல விதிதான்.

டிராக்டர் விற்கும் யர்மோ ஹௌத்தலா வரிசையாக என் மூன்று கார்களை இப்படி வாங்கிக்கொண்டான். ஒவ்வொன்றையும் கட்டி முடிக்க எனக்கு ஒரு குளிர்காலம் முழுவதும் ஆனது.

“என்ன தௌனோ, அடுத்த வண்டி எப்போ ரெடியாகும்? இந்த வாட்டி டிரைவர் சீட்டைக் கொஞ்சம் பின்னால தள்ளி வைப்பா. என் தொப்பை இடிக்குது.”

தொத்திறைச்சிக் கடை வரிசையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவனை நான் மனதார வெறுத்தேன்.

என் எஞ்சின்கள் நிமிடத்துக்கு ஒன்பதாயிரம் சுற்றுவரை கத்தும். எஞ்சினோடு பெல்ட்டில் சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்நேட்டர் அந்த வேகத்துக்குப் பிறந்ததல்ல. கம்பெனி அதில் மாட்டி அனுப்பும் சின்னப் புல்லி, அலுவலகம் போய்வருகிற காருக்கானது. எஞ்சின் ஒரு சுற்றுச் சுற்றினால் ஆல்டர்நேட்டரை மூன்று சுற்றுச் சுற்றவைக்கும். ஆகவே பெரிய புல்லியாகக் கடைந்து மாட்டி அதன் வேகத்தைக் குறைப்பேன். எரிந்துபோன இந்தக் காரில் மட்டும் அதைக் கழற்றிவிட்டுப் பழைய சின்னதையே மாட்டினேன். பக்கத்தில் போகும் பெட்ரோல் குழாய்க்கு வழக்கமாக ஒரு தடுப்புத் தகடு வைப்பேன். விதி தகடு கேட்கவில்லை. வைக்கவில்லை.

நான் ஓட்டியபோது ஏழாயிரத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டேன். அப்படியும் ஜெயித்தேன். ஹௌத்தலா தாண்டுவான். அவனுக்கு எஞ்சினைக் கதறவிடாமல் ஓட்டத் தெரியாது.

பந்தயம் முடிந்ததும் அவன் காரை விலைக்குக் கேட்டான். சில்யாவும் கேட்டாள். அவள் என் பக்கத்து வீட்டுப் பெண். அந்தக் கோடையில்தான் பெரியவர்கள் பிரிவுக்கு வந்திருந்தாள். சனிக்கிழமைகளில் என் பட்டறைக்கு ஏலக்காய் ரொட்டி கொண்டுவருவாள். குலுக்கலில் அவள் பெயர் வந்தது. ஹௌத்தலா அவள் முதுகில் தட்டிக்கொடுத்தான்.

அந்த வாரத்தில் ஒரு நாள் பட்டறை வாசலில் வந்து நின்றாள்.

“மாமா, எவ்வளவு தூரம் விரட்டலாம்? ஒன்பதாயிரம் தாங்குமா?”

“எஞ்சினுக்கு ஒண்ணும் ஆகாது” என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை. உங்கள் ஆளிடமே கேளுங்கள், எஞ்சினுக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தில் இரண்டாவது சுற்றின் நேர்தடத்தில் அவள் முழுக்க மிதித்தாள். சத்தத்தை வைத்தே எனக்குத் தெரிந்தது. ஆல்டர்நேட்டருக்குள் கம்பிச் சுருள் பிய்த்துக்கொண்டு வெடித்தது. துண்டுகள் பெட்ரோல் குழாயைக் கிழித்தன, தீப்பிடித்துக்கொண்டது. எங்கள் கார்களில் கதவுகளை வெல்டிங் செய்து மூடிவிடுவோம். அதுவும் விதிதான். சன்னல் வலையை அவிழ்த்துத்தான் வெளியே வரவேண்டும். அவளுக்கு அவகாசம் இருக்கவில்லை.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். சொல்லியிருந்தால் அவள் வீட்டில் சொல்லியிருப்பாள், ஊருக்கே தெரிந்திருக்கும். அப்புறம் ஹௌத்தலா என்னிடம் கார் வாங்குவானா? பட்டறையில் அடுத்தது பாதி முடிந்து நிற்கிறது. சீட்டைப் பின்னால் தள்ளி வைத்திருக்கிறேன்.

இதை எழுதிக்கொள்ளுங்கள்: சில்யாவை எனக்குப் பிடிக்கும். ஆனால் விலைக்குக் கேட்டவருக்கு இல்லையென்று சொல்ல விதியில் இடமில்லை. இத்தனை வருடத்தில் நான் ஒரு விதியையும் மீறியதில்லை.