விபோவோவின் சிவப்பணுக்கள்

இந்த நாற்காலி வசதியாக இருக்கிறது, நன்றி. எங்கள் ஆய்வகத்தில் வெறும் ஸ்டூல்தான். மாலையானால் இடுப்பு விட்டுப்போகும்.

ஜோக்ஜா ஊரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள் ஐயா, இந்த முனைவர் ரத்ரி யாருக்கும் கெடுதல் நினைக்காதவள் என்றுதான் சொல்வார்கள். நான் ஆராய்வது ஒரு பாக்டீரியாவை. யாரோ ஒரு நோயாளியின் சீழ்க்கட்டியில் கிடைத்தது. அது சுரக்கும் பொருள் ரத்தத்தின் சிவப்பணுக்களை உடைத்துவிடும். ரத்தம் கலந்த கூழ்த் தட்டில் வளர்த்தால், அதைச் சுற்றிச் சிவப்பெல்லாம் கரைந்து கண்ணாடி மாதிரி ஒரு வளையம் விழும். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் என்னுடையது ஆட்டு ரத்தத்தைச் சீண்டவே இல்லை. மனித ரத்தம்தான் வேண்டும் என்று அடம்பிடித்தது.

அதற்கு நெறிமுறைக் குழு அனுமதி தர வேண்டும். அவர்கள் கூடுவார்கள், காப்பி குடிப்பார்கள், கலைவார்கள். நானும் பொறுத்துப் பார்த்தேன். பிறகு ஊழியர்களுக்கு உடல்நலப் பரிசோதனை என்று சொல்லி எல்லோரிடமும் கொஞ்சம் எடுத்தேன். மற்றவர்கள் ரத்தத்தில் வளையம் சுமார்தான். விபோவோவின் ரத்தத்தில் மட்டும் பௌர்ணமி நிலா.

விபோவோ பக்கத்து மேசை ஆய்வாளன். வாட்டசாட்டமானவன், வாய் ஓயாது.

"ஏங்க்கா, மத்தவங்களுக்கு ஒரு தடவையோட சரி. எனக்கு மட்டும் வாரா வாரம் குத்துறீங்க?"

"உன் விஷயத்துல எனக்குக் கொஞ்சம் கவலையா இருக்குப்பா."

"எங்கம்மாகூட இப்படிப் பாத்துக்கிட்டதில்லக்கா."

குழாயில் எடுத்தது பையில் எடுப்பதாயிற்று. அவன் வெளிற ஆரம்பித்தான். தினமும் குச்சியில் குத்திச் சுட்ட ஈரல் சாத்தே வாங்கிக் கொடுத்தேன். என் கைக்காசுதான்.

எங்கள் தலைவர் ஹர்தந்தோ சாப்பாட்டு மேசையில் கிண்டலடித்தார். "என்ன ரத்ரி, ஊட்டி ஊட்டி வளக்குறதப் பாத்தா மாப்பிள்ளையாக்கிருவீங்க போலிருக்கே!"

எல்லோரும் சிரித்தார்கள். முன்பெல்லாம் இப்படிக் கேலி செய்தால் அவனுக்குக் காது மடல் சிவந்துவிடும். அன்று சிவக்கவில்லை. கவனித்தேன். இருந்தாலும் அந்த வாரமும் எடுத்தேன்.

மறுநாள் படிக்கட்டில் மயங்கி விழுந்தான். மண்டை உடைந்தது. ஆஸ்பத்திரியில் அவனுக்கு யார் யாருடைய ரத்தத்தையோ ஏற்றிவிட்டார்கள். மறைக்க மாட்டேன், அழுதுவிட்டேன். அத்தனை அருமையான ரத்தம், கண்டவர் ரத்தத்தோடு கலந்துபோயிற்று.

கையில் என்ன இத்தனை ஊசித் தழும்பு என்று டாக்டர் கேட்டிருக்கிறார். "ஆபீஸ்ல ஒரு அக்கா இருக்காங்க டாக்டர், தங்கமானவங்க, அவங்கதான் செக் பண்றாங்க" என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறான். அதனால்தான் என்னை இங்கே விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறீர்கள்.

ஆமாம், நான்தான் எடுத்தேன். பொய் சொல்லி எடுத்தேன். அவன் தள்ளாடத் தொடங்கிய பிறகும் எடுத்தேன். ஆராய்ச்சிக் கட்டுரையின் கடைசியில் அவனுக்கு நன்றி சொல்லியிருக்கிறேன், வேண்டுமானால் படித்துப் பாருங்கள்.

ஏன் உன் ரத்தத்தையே எடுத்திருக்கக் கூடாது என்று கேட்கிறீர்கள். கொஞ்சம் மனசாட்சியோடு பேசுங்கள் ஐயா. எனக்கு ஊசி என்றால் பயம்.